கடல் தாண்டும் ஸ்டூடியோ தெருவைத் தாண்டுமா?

"இந்தக் காலனி எந்த நாட்டுடையது?"

நான்காம் ஆண்டு கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் இருந்து வந்த ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவள் கையில் இருந்த வரைபடத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே, அதே பெயர் மறுபடியும் இருந்தது. இந்த முறை பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரன் போய் எழுபது வருடம் ஆன பிறகும் ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் காலனி எப்படி இருக்கும் என்று அவளுக்குக் குழப்பம்.

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகப் படப்பைக்கு வந்து, அங்கிருந்து கிளைச் சாலையில் உள்ளே போனால் வரும் ஒரு கிராமம் அது. எங்கள் கல்லூரியும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே இரண்டு வாரப் பயிற்சி நடத்தின. அவர்கள் பக்கத்தில் கட்டடக்கலை, நிலவடிவமைப்பு, நீரியல், சமூகவியல் என்று நாலு துறை மாணவர்கள். எங்கள் பக்கத்தில் கட்டடக்கலை மாணவர்கள் மட்டும். ஏரியையும் குடியிருப்பையும் சேர்த்துப் புரிந்துகொண்டு ஒரு வடிவமைப்பு தர வேண்டும். தலைப்பு நல்ல தலைப்பு.

என்னை அந்தக் குழுவில் போட்டதற்கு என் வரைதிறன் காரணம் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு கிராமத்து மக்களோடு தமிழில் நாலு வார்த்தை பேச வராது. எனக்கு வரும். நானும் ஒரு காலனியில் பிறந்தவள்தான். அது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் எங்கள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "காலனி என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான். ஊர் வளர்ந்தபோது விரிந்த புதுப் பகுதி" என்றார். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். நான் பேசாமல் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஷீட்டுகளை மாட்டினோம். ஊர்ப் பகுதிக்கு ஒரு நிறம், 'பழைய குடியிருப்பு'. காலனிக்கு இன்னொரு நிறம், 'புதிய குடியிருப்பு'. காலனியில் இருந்து பார்க்க வந்த ஒரு ஆயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எங்க பக்கத்துல என்னாம்மா எழுதியிருக்கு?"

"புதுக் குடியிருப்புன்னு போட்டிருக்கு ஆயா."

"புதுசா? எங்க தாத்தனுக்குத் தாத்தன் இந்த ஏரிக்கு மடை தொறந்தவன். நேத்து வந்தவங்கன்னு எழுதிட்டியாம்மா?"

'எழுதிட்டாங்களா' என்று அவர் கேட்கவில்லை. 'எழுதிட்டியா' என்றுதான் கேட்டார். அந்த ஒருமை இன்னும் என்னை விடவில்லை.

வட தமிழகத்தின் பல ஏரிகளில் மடை திறந்து மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று கணக்குப் பார்ப்பது, மழைக்காலத்தில் ராத்திரி கண் விழித்துக் கரையைக் காப்பது எல்லாம் நீர்க்கட்டி வேலை. அந்த வேலை பெரும்பாலும் சேரி மக்கள் கையில்தான் இருந்தது. அந்த ஏரியை இரண்டு வாரம் கருவி வைத்து அளந்த நீரியல் மாணவனுக்கு, தலைமுறை தலைமுறையாக அதன் நீரியலை அறிந்திருந்த குடும்பங்கள் கரைக்குக் கீழேயே இருப்பது கடைசிவரை தெரியாது. நாலு துறைகள் வந்தன. ஐந்தாவது துறை அங்கேயே இருந்தது. அதற்கு நாங்கள் 'புதிய குடியிருப்பு' என்று பெயர் வைத்துவிட்டு வந்தோம். ஜூரியில் எங்கள் குழுவுக்குக் கைதட்டல் கிடைத்தது.

பன்னாட்டுக் கூட்டு ஸ்டூடியோக்கள் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நிறைய வேண்டும். ஆனால் கடல் தாண்டி வரும் ஸ்டூடியோ, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் அந்த முக்கால் கிலோமீட்டரைத் தாண்ட மறுத்தால், அது பல நாடுகளும் பல துறைகளும் கூடிச் செய்த ஒரே சாதியின் வேலையாகத்தான் முடியும்.

சாதியை அளந்து பார்க்கலாம்

சாதி மனதில் இருக்கிறது, கல்வி வந்தால் போய்விடும் என்பார்கள். கட்டடக்கலை படித்தவர்கள் அப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. சாதி நீளம், அகலம், உயரம் உள்ள பொருள். உத்தப்புரத்தில் அது சுவராக நின்றது. 2008 மே மாதம் அதன் ஒரு பகுதியை இடிக்கும்வரை, தலித் மக்களின் பாதையை அது இருபது வருடம் அடைத்து வைத்திருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலையில் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 தலித்துகள் செத்துப்போனார்கள். அந்தச் சுவரை எவ்வளவு உயரத்துக்கு, எந்த அடித்தளத்தில், யாருடைய வீட்டை ஒட்டி எழுப்பினார்கள் என்பது கட்டடக்கலைக் கேள்வி. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் மலம் கலந்தது ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில். ஒரு கிராமத்தில் இரண்டு தொட்டிகள், இரண்டு சுடுகாடுகள், இரண்டு டீக்கடைகள் இருந்தால் அது திட்டமிடல் கேள்வி.

இந்தச் சுவர்களும் தொட்டிகளும் நம் கட்டடக்கலைப் பாடத்தில் எங்கே இருக்கின்றன? ஐந்து வருடப் படிப்பில் எனக்குக் கோயில் விமானத்தின் அடுக்குகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அக்ரகார வீட்டின் திண்ணை, ரேழி, முற்றம், செட்டிநாட்டு வீட்டின் பட்டாசாலை எல்லாவற்றையும் அளந்து வரையச் சொன்னார்கள். 'மரபுக் குடியிருப்பு' என்ற பாடத்தில் சேரி வீடு ஒன்றை ஒருநாளும் அளக்கவில்லை. கூட்டு ஸ்டூடியோவுக்கு வரும் வெளிநாட்டு மாணவர் நம்மிடம் இருந்து கற்றுக்கொள்வதும் இந்தப் பாடத்தைத்தான். அவர்கள் வைத்திருக்கும் சொற்களும் இதற்கு வசதியாக அமைந்துவிடுகின்றன. 'சமூகம்', 'பண்பாடு', 'முறைசாராக் குடியிருப்பு' என்ற மூன்று சொற்கள் போதும், சாதி என்ற சொல்லைத் தொடாமலேயே ஒரு முழு அறிக்கையை எழுதி முடித்துவிடலாம்.

மும்பை தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் பல கட்டடக்கலைப் பள்ளிகள் மாணவர்களை அங்கே கூட்டிப்போயிருக்கின்றன. ஸ்டாக்ஹோம் அரச நுண்கலைக் கல்லூரியின் ஆய்வு 2008இல் புத்தகமாகவே வந்தது. தாராவியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எடுக்கும் சொல் 'முறைசாராமை'. ஆனால் திருநெல்வேலிச் சேரிகளில் இருந்து போன நம் மக்கள் ஏன் குறிப்பாகத் தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள், ஏன் அந்தச் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் கிடையாது. அந்தக் குடியிருப்புக்குப் பின்னால் மிகவும் பழைய, மிகவும் கறாரான ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் வருணம்.

நல்ல மனதோடு வந்தாலும் சாதி தெரியாமல் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதும் இருந்து பணமும் பொறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் வந்தார்கள். நெதர்லாந்தில் தலித் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்பு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதியைப் பார்க்க மறுத்த மறுகட்டுமானம், ஏற்கெனவே இருந்த ஒதுக்கலை இன்னும் மோசமாக்கியது என்பதுதான் அதன் சாரம். இருக்கும் வேலியைப் பார்க்காமல் வீடு கட்டினால், வேலியைப் புதுப்பித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

படப்பை ஒரு பாடப்புத்தகம்

அப்படியானால் நல்ல ஸ்டூடியோ எப்படி இருக்கும்? வேறு எங்கும் போக வேண்டாம், படப்பையிலேயே சொல்கிறேன்.

படப்பை, மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு பிறக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, பிறகு சென்னையும் மூழ்கியது. அதைத் தொடர்ந்து ஆற்றை மீட்கிறோம் என்று அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றினார்கள். அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும், படப்பைக்கு அருகே உள்ள நாவலூருக்கும் அனுப்பினார்கள். (ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். நாவலூர் வேறு.) ஆறு கடலில் சேரும் நகரத்தில் இருந்து, ஆறு தொடங்கும் ஏரிகளின் பக்கமாக மக்களைத் தள்ளியிருக்கிறோம். வெள்ளத்துக்குக் காரணமான பெரிய ஆக்கிரமிப்புகள் எல்லாம் அசைந்தனவா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல் வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கி, அதில் பெரும்பான்மையாகத் தலித் மக்களைக் குடியேற்றியதற்கு என்ன பெயர்? கிராமத்தில் சேரி ஊருக்கு வெளியே இருந்தது. நகரத்தில் அது எட்டு மாடி உயரத்தில் நகரத்துக்கு வெளியே இருக்கிறது.

இதே படப்பைக்கு இன்னொரு பக்கம் ஒரகடம். கார், லாரி, டயர், புல்லட் வண்டி என்று தொழிற்சாலைகள். கொஞ்சம் தள்ளி வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே விடுதியில். கிராமங்களில் இருந்து முதன்முறையாக வேலைக்கு வெளியே வரும் பெண்கள் அவர்கள். ஊரில் தனித்தனித் தெருவில் இருந்தவர்கள் இங்கே ஒரே அறையில், ஒரே தட்டு வரிசையில். சாதி உடைவதற்கு இது ஒரு வாய்ப்பு. புதிய வடிவில் வளர்வதற்கும் வாய்ப்புதான். எது நடக்கிறது என்று கட்டடக்கலை மாணவர்கள் யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?

ஆறு, மறுகுடியமர்வு, தொழிலாளர் விடுதி என்ற இந்த மூன்றையும் கட்டடக்கலை தனியாகப் புரிந்துகொள்ள முடியாது. ஏரி ஏன் நிரம்புகிறது என்று சொல்ல நீரியல் வேண்டும். நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று சொல்லச் சட்டமும் வரலாறும் வேண்டும். வேலைக்குப் போகும் பஸ்ஸை இரண்டு மணி நேரம் முன்னால் பிடிக்க வேண்டிய வீட்டு வேலைத் தொழிலாளியின் கணக்குக்குப் பொருளாதாரம் வேண்டும். இத்தனை பேரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்பதால்தான் பல்துறை. ஜோகன்னஸ்பர்க்கிலும் தாக்காவிலும் ரியோவிலும் இதே கேள்விகள் இருக்கின்றன என்பதால்தான் பன்னாட்டு.

இதை முயன்றவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தின் அன்னா ருப்போ தொடங்கிய 'குளோபல் ஸ்டூடியோ' 2005இல் இஸ்தான்புல்லில் ஆரம்பித்து, வான்கூவர், ஜோகன்னஸ்பர்க் என்று போய், 2012இல் போபாலுக்கும் வந்தது. பல நாட்டு, பல துறை மாணவர்களை ஏழைக் குடியிருப்புகளில் மக்களோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தது. வங்கதேசத்தின் ருத்ரபூரில் அன்னா ஹெரிங்கர் கட்டிய மண்-மூங்கில் பள்ளி, ஆஸ்திரியாவின் லின்ஸில் அவர் படித்தபோது பட்டத்துக்காகச் செய்த வடிவமைப்பு. 2005இல் உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து அதைக் கட்டினார்கள். 2007இல் ஆகா கான் விருது கிடைத்தது. கட்டிக்கொடுத்துவிட்டுப் போகாமல், கட்டும் திறனை ஊரில் விட்டுப் போனதுதான் அந்தப் பள்ளியின் பெருமை.

நம் ஊரில் கட்டும் திறன் யாரிடம் இருக்கிறது? கொத்தனாரிடம், சித்தாளிடம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இல்லாமல் கண்ணாலேயே சுவரின் சாய்வைச் சொல்லும் கைகள் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. எங்கள் கூட்டுப் பயிற்சியில் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள், மாடல் சுவர் எழுப்பிக் காட்ட. அவருக்குக் கூலி கொடுத்தார்கள். ஜூரியில் நாற்காலி கொடுக்கவில்லை. 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். கட்டடம் யார் தலையில் விழுகிறதோ, அவர் கருத்து வடிவமைப்பில் எங்கும் பதிவாகாது.

1891இல் ஒரு வெளிநாட்டுக் கண்

வெளிநாட்டவருக்குச் சாதி புரியாது, அவர்களைக் குறை சொல்ல முடியாது என்று எங்கள் பேராசிரியர்கள் சொல்வதுண்டு. இதே வட்டாரத்தின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

படப்பை அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் அதன் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர் நிலத்தை மட்டும் பார்க்கவில்லை. சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே விரட்ட முடியும் என்பதைப் பார்த்தார். வீடு எங்கே இருக்கிறது, அந்த மண் யாருடையது, அதனால் யார் வாய் திறக்க முடியாது என்ற மூன்றையும் ஒரே கோட்டில் வைத்தார். 1892இல் பஞ்சமி நில ஒப்படைப்பு வந்ததற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். அவர் ஏகாதிபத்தியத்தின் அதிகாரி, நமக்குத் தோழர் இல்லை. ஆனால் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் வெளியில் இருந்து வந்தவருக்கும் கண் தெரியும்.

அந்தப் பஞ்சமி நிலம் என்ன ஆனது என்பதையும் இதே மாவட்டம்தான் சொல்லும். காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இன்றைக்கு இந்தப் பகுதியில் எந்தக் கல்லூரி எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'நிலப் பயன்பாட்டு வரைபடம்' போட்டாலும், அதில் பஞ்சமி நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்த நிறமே இல்லை என்றால் அந்த வரைபடம் இன்னும் முடியவில்லை.

யார் விமானம் ஏறுகிறார்கள்?

இன்னொரு பக்கம் இருக்கிறது. கூட்டு ஸ்டூடியோ என்றால் அவர்கள் இங்கே வருவது மட்டும் இல்லை, நாமும் அங்கே போக வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்து போனவர்கள் ஆறு பேர். தேர்வு திறமை அடிப்படையில் என்றார்கள். முதல் நிபந்தனை விமானச் செலவைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, விசாவுக்கு வங்கிக் கணக்கில் இருப்பு காட்ட வேண்டும். மூன்றாவது, ஆங்கிலத்தில் நேர்காணல். இந்த மூன்று வாசலையும் தாண்டிய பிறகுதான் திறமை வரும். படத்தாள், மாடல் அட்டை, லேப்டாப், பயணம் என்று ஒவ்வொரு செமஸ்டரும் கடன் வாங்கிப் படித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். விண்ணப்பமே போடவில்லை. உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கு வரும். ஸ்டூடியோவில் உயிர்வாழ்வதற்கு வராது.

மேல்படிப்புக்கு வெளிநாடு போவதற்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் 2022இல் அதன் விதியில் ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இனி இந்தப் பணம் கிடையாது. தலித் மாணவர் வெளிநாடு போகலாம், ஆனால் தன் ஊரைப் பற்றி அங்கே ஆராயக் கூடாது. ஒரு தலித் மாணவி சேரியின் வீட்டமைப்பைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய விரும்பினால், அது இந்த விதிக்குள் மாட்டும். அக்ரகாரத்துத் திண்ணையை ஆராயப் போகிறவருக்கு இந்தப் பணம் தேவையும் இல்லை, இந்த விதி பொருந்தவும் இல்லை.

நம்மிடம் இருந்து கடல் கடந்து போய்ப் பல துறை படித்தவர் யார்? 1913இல் கொலம்பியாவுக்குப் போன புரட்சியாளர் அம்பேத்கர். பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, மானுடவியல் எல்லாம் படித்தார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்ற கட்டுரையை வாசித்தார். பல நாட்டுப் பேராசிரியர்களுக்கு நடுவே தன் ஊரின் சாதியையே ஆய்வுப் பொருளாக வைத்த மாணவர். 1917இல் லண்டனில் இருந்து திரும்பி பரோடாவில் அரசு வேலைக்குச் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைக்காத ஒரே பொருள் ஓர் அறை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். தடிகளோடு வந்து விரட்டினார்கள். நண்பர்களின் வீடுகளும் திறக்கவில்லை. பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி பம்பாய்க்கு ரயில் ஏறினார். கொலம்பியாவின் கதவு திறந்தது, பரோடாவின் கதவு திறக்கவில்லை. கட்டடக்கலை முதலாம் ஆண்டில் 'கதவு' என்றால் என்ன என்று பாடம் எடுக்கிறவர்கள் இந்த நிகழ்விலிருந்து தொடங்கலாம்.

1946இல் அதே அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். நம்முடைய பன்னாட்டு உறவு என்பது இதுதான். ஒடுக்கப்பட்டவர் ஒடுக்கப்பட்டவரைத் தேடுவது. 1971இல் டெட்ராய்ட்டில் பன்னிரண்டு கறுப்பினக் கட்டடக்கலைஞர்கள் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய 'நோமா'. 2020இல் அமெரிக்காவில் வெள்ளையரல்லாத வடிவமைப்பு ஆசிரியர்கள் 'டார்க் மேட்டர் யுனிவர்சிட்டி' என்ற வலையமைப்பைத் தொடங்கி, இனவெறிக்கு எதிரான வடிவமைப்புப் பாடங்களைப் பல கல்லூரிகளில் சேர்ந்து நடத்துகிறார்கள். நம் கல்லூரிகள் கைகோக்க வேண்டிய இடங்கள் இவை. உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, அந்த நாட்டின் சேரியில் இருந்து வந்த மாணவர் அங்கே எத்தனை பேர் என்று பார்க்கட்டும்.

நாம் கொடுக்கவும் பாடம் இருக்கிறது

வாங்குவதற்கு மட்டும் நாம் போக வேண்டியதில்லை. சாதி ஒழிப்பையே மனைப்பிரிவு வரைபடமாகப் போட்டுப் பார்த்த மாநிலம் இது. 1997இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் நூறு வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அடுத்தடுத்த வீட்டில் வேறு வேறு சாதி. எல்லாருக்கும் ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தது. பிறகு இருநூறுக்கும் மேல் கட்டினார்கள்.

அதில் குறைகள் உண்டு. பல இடங்களில் பராமரிப்பு இல்லை. ஊரை மாற்றாமல் பக்கத்தில் புது ஊர் கட்டினால் பழைய ஊர் அப்படியேதானே இருக்கும் என்ற விமர்சனமும் நியாயமானது. ஆனால் பக்கத்து வீடு என்பது சாதியை உடைக்குமா, எத்தனை வருடத்தில் உடைக்கும், எங்கே உடைக்கவில்லை, ஏன் என்று ஆராய இதைவிடப் பெரிய களம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நிறப்பிரிவினையால் பிளந்த ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து வரும் மாணவருக்கு நான் காட்ட விரும்புவது மகாபலிபுரத்துச் சிற்பத்தை இல்லை, ஒரு சமத்துவபுரத்தின் தெருவை. இருபத்தைந்து வருடம் கழித்து அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் விற்றுவிட்டுப் போனார்கள், பிள்ளைகள் யாரைக் காதலித்தார்கள் என்று இரண்டு நாட்டு மாணவர்களும் சேர்ந்து கதவு கதவாகக் கேட்கட்டும். அது பல்துறை ஆய்வு.

கேட்கப்போவது பெரிய விஷயம் இல்லை. இன்று கட்டடக்கலை படிக்கும் தோழர்கள் தங்கள் கல்லூரியில் இதைத் தைரியமாகக் கேட்கலாம்.

கூட்டு ஸ்டூடியோ நடக்கும் இடத்தில் ஊரும் சேரியும் இருந்தால், முதல் நாள் பாடம் அந்தப் பிரிவினையைப் பற்றியதாக இருக்கட்டும். தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில், ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிப்போன 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. சொல்லை நீக்கியாயிற்று, முக்கால் கிலோமீட்டர் நீங்கவில்லை என்பதை வரைபடத்தில் காட்டுங்கள். சாதியைச் 'சமூகம்' என்று மொழிபெயர்க்காதீர்கள்.

பயணச் செலவைக் கல்லூரியோ, கூட்டாளிப் பல்கலைக்கழகமோ ஏற்கட்டும். அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்றால் அந்த ஒப்பந்தம் யாருக்காக என்று கேளுங்கள். இடஒதுக்கீடு நுழைவு வாசலோடு நின்றுவிடக் கூடாது, விமானத்திலும் இருக்கட்டும்.

எந்த மக்களின் வாழ்விடத்தை வைத்து மாணவர்கள் மதிப்பெண் வாங்குகிறார்களோ, அவர்களில் இரண்டு பேர் ஜூரியில் உட்காரட்டும், மற்ற ஜூரிக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தோடு. வரைபடங்கள் தமிழில் அந்த மக்கள் கைக்குத் திரும்பட்டும். மனைப்பட்டா கேட்டு, பாதை கேட்டு, பஸ் கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு நல்ல அளவு வரைபடம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று சேரியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, அந்த மாணவியின் கேள்வி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பேராசிரியரைவிட, என்னைவிட, அவள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். பல வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

இந்தக் காலனி எந்த நாட்டுடையதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஊருடையது. அதில் இருப்பவர்கள் புதிதாக வந்தவர்கள் இல்லை, உன் ஏரிக்கு மடை திறந்தவர்கள். நானும் அங்கிருந்துதான் வந்தேன். வா, போய்க் கேட்போம்.